நாற்பதை நெருங்கும் வேளையில் ஒரு சட்டப் புத்தகம்

சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மதிய உணவுக்குப் பின் சாய்மனைக் கதிரையில் நாம் சற்றே கண்ணயரும் வேளை பார்த்து, எமது பழைய நண்பர் ஒருவரின் மகள் வந்து சேர்ந்தார். ஊர் வடமராட்சி, இருப்பு வெள்ளவத்தை, வயது 38. கொழும்பிலுள்ள மென்பொருள் நிறுவனமொன்றில் 15 ஆண்டுகளாகப் பொறியியலாளர். கணவர் தென்மராட்சியைச் சேர்ந்தவர்; வங்கி ஒன்றில் உத்தியோகம். ஒரே மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். வாங்கிய தொடர்மாடி வீட்டுக்குக் கடன் இன்னும் 9 ஆண்டுகள் கட்டவேண்டியிருக்கிறது. இவ்வளவையும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம். பின்னால் இவை எல்லாம் கணக்கில் வரும்.

தேநீர் வந்தது. ஊர்ப் புதினங்கள் பேசி முடிந்தன. பிறகு அப்பெண்மணி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "மாமா, நான் சட்டம் படிக்கலாமென்று நினைக்கிறேன்," என்றார்.

எமது தூக்கம் முற்றாகக் கலைந்தது. எமது இளமைக் காலத்தில் யாழ்ப்பாணத்துத் தந்தையர் தம் மைந்தர்க்கு விரும்பிய உத்தியோகங்கள் மூன்று: டொக்டர், எஞ்சினியர், அப்புக்காத்து. மூன்றில் ஒன்று கிட்டினால் போதும், பிறவிப்பயன் எய்தியதாக எண்ணுவார்கள். இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவதைத் தேடிப் புறப்படும் ஒருவரை நாம் அதிகம் கண்டதில்லை. ஆனால் அண்மைக் காலத்தில் இதே யோசனையோடு எம்மிடம் பேசியவர்கள் இவரையும் சேர்த்து மூவர். மூவரும் கணினித் தொழிலில் இருப்பவர்கள். மூவரும் முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள். ஆகவே இதனை ஒரு குடும்பத்து விஷயமென்று ஒதுக்காமல், பத்தியில் எடுத்துப் பேசுவது பொருத்தமெனத் தோன்றியது. அவருடைய சம்மதத்தைப் பெற்றே எழுதுகிறோம்.

"ஏன் பிள்ளை, இருக்கிற வேலைக்கு என்ன குறை?" என்று கேட்டோம்.

அவர் முதலில் சொன்ன காரணம் அச்சம். அந்த வார்த்தையை அவர் பாவிக்கவில்லை, ஆயினும் அச்சந்தான். பல ஆண்டுகள் பழகிக் கற்ற வித்தையை இன்று செயற்கை நுண்ணறிவு இயந்திரம் சில விநாடிகளில் எழுதித் தள்ளுகிறது. முன்பு ஐவர் இருந்து செய்த வேலைக்கு இப்போது இருவர் போதுமென்று மேலிடம் கணக்குப் பார்க்கிறது. சென்ற ஆண்டில் அவருடைய பிரிவிலிருந்தே சிலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். இரவு பத்து மணிக்குக் கடல்கடந்த நாட்டு வாடிக்கையாளரோடு கூட்டம். காலையில் மகளுக்குச் சாப்பாட்டுப் பெட்டி. இடையில் "அடுத்தது நானோ" என்ற கேள்வி. சட்டத்தொழிலோ மனிதரை மனிதர் நம்பும் தொழில். இயந்திரம் அங்கே எளிதில் நுழையாது என்பது அவருடைய எண்ணம்.

இந்தக் காரணத்தை நாம் ஏற்கவில்லை. அதை அவரிடம் ஒளிக்கவுமில்லை. இயந்திரம் சட்டத்துக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்டது. 2023ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் நடந்த ஒரு வழக்கை அவருக்கு ஞாபகப்படுத்தினோம். விமானத்தில் உணவு வண்டி இடித்துக் காயமுற்ற பயணி ஒருவர் விமானக் கம்பனி மீது நட்டஈடு கோரி வழக்குத் தொடுத்தார். அவருடைய சட்டத்தரணிகள் சமர்ப்பித்த எழுத்து வாதத்தில் முந்திய தீர்ப்புகள் பல மேற்கோள் காட்டப்பட்டிருந்தன. எதிர்த்தரப்பார் தேடிப் பார்த்தார்கள். அவற்றுட் சிலவற்றை எங்குமே காணவில்லை. அவை சாட்ஜிபிடி என்னும் இயந்திரம் கற்பனையிற் புனைந்தவை! அத்தீர்ப்புகள் உண்மையானவைதாமா என்று சட்டத்தரணி அந்த இயந்திரத்திடமே விசாரித்ததும், அதுவும் கூசாமல் ஆமென்று சொன்னதும் பின்னர் வெளிவந்தன. நீதிபதி 5,000 டொலர் தண்டம் விதித்தார். ஆகவே மழைக்கு ஒதுங்குவதானால், ஒதுங்கும் கூரையும் ஒழுகாதிருக்கிறதா என்று பார்த்தல் வேண்டுமன்றோ?

"அது மட்டும் காரணமில்லை, மாமா," என்றார் அவர். பிறகு சொன்ன காரணம்தான் எம்மை நிமிர்ந்து உட்கார வைத்தது.

அவருடைய தாயாருக்கு ஊரில் சீதனக் காணி ஒன்று உண்டு. யுத்த காலத்தில் குடும்பம் இடம்பெயர்ந்து, மீண்டு போனபோது எல்லை வேலியும் இல்லை, எல்லையைக் காட்டிய பனைகளும் இல்லை. அயற்காணிக்காரரோடு தகராறு மூண்டது. உறுதிகளைத் தேடி எடுத்து ஒழுங்குபடுத்தும் பொறுப்பு மகள் தலையில் விழுந்தது. மூன்று தலைமுறை உறுதிகளையும் அவர் இரவிரவாக இருந்து வாசித்தார். பழைய உறுதியில் 4 பரப்பு 9 குழி. அதன் பின் எழுதப்பட்ட உறுதிகளில் 4 பரப்பு 6 குழி. எவரும் விற்கவுமில்லை, கொடுக்கவுமில்லை. எழுதியவர் கை ஒன்பதை ஆறாக்கிவிட்டது. அடுத்தவர் அதைப் பார்த்தே எழுதினார். 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர் என்பது எமது ஊர்க் கணக்கு. ஆக மூன்று குழி என்பது பரப்பில் ஆறிலொன்று. வேலிச் சண்டைக்கு அது தாராளமாகப் போதும்.

பிழை எந்த உறுதியில், எந்த வரியில் புகுந்தது என்பதை ஒரு தாளில் நிரற்படுத்தி எழுதி, அவர் சட்டத்தரணியிடம் கொடுத்தாராம். அவர் வாசித்துவிட்டு, "நீங்கள் ஏன் பிள்ளை சட்டம் படிக்கவில்லை?" என்று கேட்டாராம். இது நடந்து இரண்டு ஆண்டுகள். அந்தக் கேள்வி இன்னும் அவர் காதிலிருந்து போகவில்லை.

"பதினைந்து வருஷமாக நான் எழுதிய நிரல்கள் எல்லாம் யாரோ எங்கேயோ பாவிக்கிறார்கள். ஒருவருடைய முகத்தையும் நான் கண்டதில்லை. அந்தத் தாளைப் பார்த்து அம்மா அழுதது மட்டும் என் கண்ணுக்குள் நிற்கிறது," என்றார்.

இதற்கு நாம் உடனே மறுமொழி சொல்லவில்லை.

ஆனால் அவர் தொடர்ந்து, "சட்டமும் ஒருவகை நிரல்தானே மாமா? நிபந்தனை, விதிவிலக்கு, வரைவிலக்கணம் எல்லாம் எங்களுக்குப் பழக்கமானவைதான்," என்றபோது, குறுக்கிட வேண்டியதாயிற்று. கணினித் துறையினர் சட்டத்தை நோக்கி வரும்போது முதலிற் கால் வழுக்கும் படி இதுதான். வெளித்தோற்றத்தில் ஒற்றுமை உண்டு என்பது மெய்யே. பிரிவு, உபபிரிவு, "இதனுட் கூறப்பட்டதெதுவும் அதனைப் பாதியாது" என்ற வாசகம். எல்லாம் நிரல் போலவே தெரியும். ஆனால் நிரலில் ஒரு சொல் ஒன்றைத்தான் குறிக்கும். சட்டத்தில் ஒரு சொல்லின் பொருளைக் காண நூறு ஆண்டுகள் வாதாடலாம்.

உதாரணம் தேடித் தொலைதூரம் போகவேண்டியதில்லை. எமது தேசவழமையே இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில், யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஈசாக்சு என்பவர் அதைத் தொகுத்தது 1707ஆம் ஆண்டில். தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, முதலிமார் பன்னிருவர் பார்த்துச் சரியென்று சொன்ன பின் அது நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்கு முழு வலுக் கொடுத்தனர். அது யாருக்கு உரியது? "யாழ்ப்பாண மாகாணத்து மலபார்க் குடிகளுக்கு" உரியது. மலபாரென்றால் அக்காலத்து ஆங்கிலத்தில் தமிழர். குடிகள் என்றால் யார்? யாழ்ப்பாணத்திற் பிறந்து, கொழும்பில் முப்பது ஆண்டு உத்தியோகம் பார்த்து, அங்கேயே வீடும் வாங்கிய ஒருவர் யாழ்ப்பாணக் குடியா, அல்லரா? நீதிமன்றங்கள் இந்த ஒரு சொல்லைத் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்து வருகின்றன. நிரந்தர வீடு எது, திரும்பிப் போகும் எண்ணம் இருந்ததா, பிள்ளைகளுக்குச் சம்பந்தம் எங்கே பேசினார் என்றெல்லாம் சான்று கேட்டு, ஆளுக்கு ஆள் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. எண்ணத்தைச் சோதிக்கும் நிரலை எந்தப் பொறியியலாளர் எழுதுவார்?

"அப்படியானால் நான்?" என்றார் அவர், சிரித்துக்கொண்டு.

"நீரும் உமது கணவரும் தேசவழமைக்கு உட்பட்டவர்கள் என்று வைத்துக்கொள்ளும். நாளைக்கு அம்மா அந்தக் காணியை உமது பெயருக்கு எழுதிவிட்டால், அதை விற்க உமக்குக் கணவருடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்லுகிறது. அவர் நியாயமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். தேசவழமைக்கு உட்படாத மட்டக்களப்பார் ஒருவரை மணந்திருந்தீரானால், அந்த மணம் நிலைத்திருக்கும் வரை தேசவழமை உம்மைத் தீண்டாது."

சிரிப்பு நின்றுவிட்டது. பல நாட்டு வியாபாரிகளின் கணக்குப் புத்தகத்தை விரல் நுனியில் ஆட்டிவைக்கும் ஒரு பெண்மணி, தமது சொந்தக் காணி விஷயத்தில் தமது நிலை இதுவென்று அறிந்திருக்கவில்லை. "இது பிழையல்லவா?" என்று கேட்டார். பிழைதான் என்று பலகாலமாகப் பலர் சொல்லி வருகிறார்கள். நிரலிற் பிழை கண்டால் அன்று மாலையே திருத்திவிடலாம். சட்டத்திற் பிழை கண்டால் அதோடு குடித்தனம் நடத்தப் பழகவேண்டும். அந்தப் பொறுமை உண்டா என்பதுதான் இத்துறைக்கு வர எண்ணுவோர் தம்மைத் தாமே கேட்கவேண்டிய கேள்விகளுள் முதலாவது.

இனிப் பாதை எப்படி என்று பார்ப்போம். இலங்கைச் சட்டக் கல்லூரி 1874ஆம் ஆண்டில் தொடங்கியது. கொழும்பில் புதுக்கடைப் பகுதியில், ஹல்ஸ்டொப் என்று ஆங்கிலத்தில் வழங்கும் இடத்தில் இருக்கிறது. (அப்பெயர் 1656ஆம் ஆண்டுக் கொழும்பு முற்றுகையில் இறந்த ஹல்வ்ற் என்னும் ஒல்லாந்தச் சேனாபதியால் வந்தது. போரில் மாண்டவன் பெயரால் விளங்கும் ஊரில் வழக்குகள் மாளாமல் நடப்பது ஒரு வேடிக்கை.) அனுமதிக்குப் போட்டிப் பரீட்சை உண்டு: மொழித்திறன், பொது அறிவு. மூன்று ஆண்டுப் படிப்பு. பிறகு சட்டத்தரணி ஒருவரின் கீழ் ஆறு மாதத் தொழிற்பயிற்சி. அதன் பின் உயர் நீதிமன்றத்தின் முன் சத்தியப்பிரமாணம். முன்னாளில் அப்புக்காத்து என்றும் பிரக்கிராசி என்றும் இருவகையினர் இருந்தனர். 1974 ஜனவரியிலிருந்து அப்பிரிவினை நீங்கி, எல்லோரும் சட்டத்தரணிகளாயினர்.

வேலையை விடாமற் படிக்க விரும்புவோர்க்கு நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. அது 1980ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அரசாங்க எழுதுவினைஞர், பொலிஸ் உத்தியோகத்தர், ஆசிரியர், வங்கியாளர் எனப் பலர் வேலை பார்த்துக்கொண்டே அங்கே சட்டமாணிப் பட்டம் பெற்றிருக்கிறார்கள். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. பட்டம் மட்டும் பெற்றவர் நீதிமன்றத்தில் எழுந்து வாதாட முடியாது. அதற்குப் பின் சட்டக் கல்லூரியின் இறுதிப் பரீட்சையும் தொழிற்பயிற்சியும் காத்திருக்கும். பட்டத்துக்கு நான்கு, மற்றதற்கு ஏறக்குறைய இரண்டு என்று கொண்டால், எமது பெண்மணி கறுப்பு அங்கி தரிக்கும்போது வயது 44 ஆகியிருக்கும். படித்தாலும் படிக்காவிட்டாலும் அந்த வயது வரத்தானே போகிறது என்று சிலர் ஆறுதல் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. வயது தானாக வரும். வீட்டுக்கடன் தவணைப்பணம் தானாக வராது. புதிதாகச் சத்தியப்பிரமாணம் செய்தவர் முதற் சில ஆண்டுகள் சிரேஷ்டர் ஒருவரின் பின்னே கோப்புச் சுமந்து நடக்க வேண்டும். வருமானம் சொற்பம். இருபத்தைந்து வயதுப் பையனுக்குத் தாய் வீட்டுச் சோறு இருக்கும். நாற்பத்துநான்கு வயதில் நாமே ஒருவருக்குத் தாய்வீடாக இருப்போம்.

மொழி விஷயமும் சிறிதன்று. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதென்று கொண்டுவரப்பட்ட ஒழுங்குவிதிகளை 2023ஆம் ஆண்டில் பாராளுமன்றம் நிராகரித்தது. அது நன்று. ஆயினும் தமிழிற் படித்துத் தேறியவர் எங்கே தொழில் செய்யப் போகிறார்? வடக்கிலும் கிழக்கிலும் நீதிமன்ற மொழி தமிழ்; கொழும்பிற் சிங்களம்; மேல்முறையீட்டுக்குப் போனால் ஆங்கிலம் இன்றி அமையாது. மூன்றையும் பயின்றவர்க்கு மூன்று கதவும் திறக்கும். எமது பெண்மணிக்கு ஆங்கிலம் தொழில்மொழி. சிங்களம் பேசுவார், வாசிப்பது சற்றுத் தாமதம். இதை அவர் குறித்துக்கொண்டார்.

இவ்வளவையும் கேட்டு அவர் முகம் வாடியதால், முன்னே போனவர் சிலரையும் சொன்னோம். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளையை எமது வாசகர் அனைவரும் அறிவர். 1832இற் பிறந்து, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராகித் தேறியவர். ஆசிரியராக இருந்தார், பத்திரிகை நடத்தினார், அரசாங்கக் கணக்குப் பரிசோதனைப் பகுதியில் உத்தியோகம் பார்த்தார். பி.எல். பரீட்சையில் அவர் தேறியது 1871இல், நாற்பதை நெருங்கும் வயதில். உத்தியோகத்தால் ஓய்வு பெற்ற பின் கும்பகோணத்தில் வழக்கறிஞராக விளங்கி, 1887இல் புதுக்கோட்டையில் நீதிபதியானார். தொல்காப்பியப் பொருளதிகாரமும் கலித்தொகையும் அவர் கையால் அச்சேறியதும் அந்தச் சட்டத்தொழிற் காலத்திலேதான். கணக்குப் பார்த்துப் பழகிய கண் ஏட்டில் எழுத்துப் பிழை பார்க்கவும், வழக்கில் நுட்பம் பார்க்கவும் உதவியிருக்கும் என்பது எமது துணிபு. ஒன்பது ஆறான இடத்தைக் கண்டுபிடித்த கண்ணும் அந்த இனத்ததே.

தாமோதரம்பிள்ளை காலத்தில் கணினி இல்லையே என்பார்க்கு அமெரிக்காவிலிருந்து ஒருவரைச் சொல்லலாம். செஸ்ரர் கார்ல்சன் பௌதிகம் படித்தவர். மின்பொருட் கம்பனி ஒன்றின் காப்புரிமைப் பகுதியில் வேலை பார்த்துக்கொண்டே, நியூயோர்க்கில் இரவு வகுப்புக்குப் போய்ச் சட்டம் படித்து 1939இல் தேறினார். சட்டப் புத்தகங்களை வாங்கப் பணமின்றி நூல்நிலையத்தில் இருந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதினார். மூட்டு வாதமோ கையை வருத்தியது. எழுதாமலே பிரதி எடுக்க வழியில்லையா என்று ஏற்கெனவே அவரைக் குடைந்துகொண்டிருந்த கேள்வியை அந்த வேதனை மேலும் ஊக்கியது. 1938 ஒக்டோபர் 22ஆம் நாள் முதலாவது உலர் நிழற்பிரதி அவர் கையில் உருவாயிற்று. உலகத்துக்கு நிழற்பிரதி இயந்திரம் கிடைத்தது. எந்த நீதிமன்ற வாயிலிலும் வரிசையாக நிற்கும் போட்டோப்பிரதிக் கடைக்காரர்கள் அவருக்கு ஒரு படம் மாட்டி மாலை போடலாம்.

பழைய தொழில் புதிய தொழிலில் வீணாவதில்லை என்பதற்கு எமது நாட்டிலும் இன்று இடமுண்டு. கணினியிற் பதிவானவற்றைச் சான்றாக ஏற்பதற்கு 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். இலத்திரனியல் கொடுக்கல் வாங்கலுக்கு 2006இன் 19. கணினிக் குற்றங்களுக்கு 2007இன் 24. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2022இன் 9. இவை போதாவென்று 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது. அதுபற்றிய சர்ச்சை வேறு கதை. ஒரு கைத்தொலைபேசிச் செய்தியின் படத்தை எவ்வளவு எளிதாக மாற்றலாமென்று அறிந்தவர் சாட்சியை விசாரிக்கும் விதமும், அறியாதவர் விசாரிக்கும் விதமும் ஒன்றாகா. ஆனால் இதற்கெல்லாம் சட்டத்தரணியாகத்தான் வேண்டுமென்பதில்லை. தரவுப் பாதுகாப்பில் ஆலோசகராக இருக்க விரும்பினால், இருந்த வேலையில் இருந்தே அந்தப் பக்கம் நகரலாம். இதையும் அவருக்குச் சொன்னோம். அவர் தலையாட்டினாரே தவிர, அது அவர் தேடிவந்தது அன்றென்று முகம் சொல்லியது.

"வீட்டில் என்ன சொல்லுகிறார்கள்?" என்று கடைசியாகக் கேட்டோம்.

அவர் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மாதமாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறார். பழைய வினாத்தாள்கள்கூட வாங்கி அலுவலக மேசையில் வைத்திருக்கிறார். கணவருக்கு இன்னும் சொல்லவில்லை.

எமக்குக் கோபம் வந்தது என்று ஒப்புக்கொள்கிறோம். நண்பரின் மகள் என்ற உரிமையில் கொஞ்சம் கடுமையாகவே பேசினோம். எம்மிடம் சொல்லுமுன் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆறு ஆண்டு வீட்டுப் பாரத்தைப் பாதி சுமக்கப் போகிறவர் அவர். அதோடு ஒரு காரியமும் சொன்னோம். ஒரு நாள் விடுப்பெடுத்து, ஏதாவதொரு நீதிமன்றத்திற் போய், காலையிலிருந்து மாலைவரை பின்வாங்கில் இருந்து பார்த்துவிட்டு வரும்படி. நீதிமன்றம் பகிரங்கமானது, யாரும் போய் இருக்கலாம். திரைப்படத்தில் வரும் வாதம் வேறு. நாள் முழுதும் தவணை கேட்டுத் தவணை கொடுக்கும் மெய்யான அலுவல் வேறு. அந்தச் சலிப்பைச் சகிக்க முடிந்தால் மிச்சத்தைப் பிறகு பேசலாம்.

இரண்டு கிழமைக்குப் பின் அவர் மறுபடி வந்தார். இம்முறை கணவரும் கூட வந்தார்.

கொழும்பில் ஒரு சிவில் நீதிமன்றத்திற் போய் இருந்தாராம். முற்பகலில் அழைக்கப்பட்ட வழக்குகளிற் பெரும்பாலானவை சில நிமிடங்களில் மறுதவணைக்குப் போயின. கைத்தொலைபேசியை வெளியே எடுக்கவும் முடியாது, தூக்கம் வந்தது. பிற்பகலில் ஒரு வாடகை வழக்கு விசாரணைக்கு வந்தது. குடியிருந்தவர் வயதான தமிழர். அவருடைய சட்டத்தரணிக்குத் தமிழ் தெரியாது. முதலியார் மொழிபெயர்த்தார். "மாதம் மாதம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கமாட்டேனென்று கதவைச் சாத்தினார்கள், அதற்குப் பிறகுதான் காசுக்கட்டளையில் அனுப்பினேன்," என்று கிழவர் நீட்டிச் சொன்னார். மொழிபெயர்ப்பில் அது "வாடகையைத் தபாலில் அனுப்பினாராம்" என்று ஒரே வரியாகச் சுருங்கிவிட்டது. கொண்டுபோனதும் இல்லை, கதவு சாத்தியதும் இல்லை.

"என்னை அறியாமலே பாதி எழுந்துவிட்டேன், மாமா. வாசலில் நின்ற பொலிசுக்காரர் ஒரு பார்வை பார்த்தார். இருந்துவிட்டேன்," என்றார். "அந்த மனிதருக்கு என்ன நடந்ததென்று தெரியாமல் இரண்டு நாள் எனக்கு நித்திரை இல்லை."

அதைக் கேட்டு நாம், நாட்டுக்கு நல்ல மொழிபெயர்ப்பாளரும் தேவைதானே என்று பகடியாகச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. இயந்திரம், ஆட்குறைப்பு, உத்தியோக நிச்சயம் ஆகிய எதுவும் அன்று அவர் வாயில் வரவில்லை என்பதையும் கவனித்தோம்.

கணவர் அதிகம் பேசாத மனிதர். மனைவி சொன்னதைக் கேட்டு இரண்டு நாள் மௌனமாக இருந்தாராம். மூன்றாம் நாள் கடன் பத்திரத்தை எடுத்து மேசையில் விரித்து, ஆண்டு ஆண்டாகக் கணக்கெழுதினாராம். அந்தத் தாளை எம்மிடமும் காட்டினார். முதல் நான்கு ஆண்டுகள் மனைவி வேலையை விடுவதில்லை; திறந்த பல்கலைக்கழகத்தில் இரவும் வார இறுதியுமாகப் படிப்பது; அந்நான்கு ஆண்டும் அவர் சம்பளத்தில் மூன்றிலொரு பங்கு தனிக் கணக்கில் சேர்வது; தொழிற்பயிற்சிக் காலத்துக்கும் கனிஷ்ட காலத்துக்கும் அந்தச் சேமிப்பு. புதிய வாகனம் வாங்கும் யோசனையின் குறுக்கே ஒரு கோடு. மகளின் உயர்தரப் பரீட்சையும் தாயாரின் மூன்றாம் ஆண்டுப் பரீட்சையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வரும் என்பதையும் ஓரத்திற் குறித்திருந்தார். "ஒரே மேசைதான் இருக்கிறது, இன்னொன்று வாங்கவேண்டும்," என்றார். அவர் பேசியது அவ்வளவே.

கணக்கில் ஓரிடம் எமக்குச் சரியாகப் படவில்லை. வீட்டுச் சமையலும் மகளின் பாடமும் இரவுக் கூட்டங்களும் இருக்க, படிப்புக்கென நாளொன்றுக்கு மூன்று மணி என்று எழுதியிருந்தது. அந்த மூன்று மணி எங்கிருந்து வரும் என்று கேட்டோம். கணவர் சற்று யோசித்து, பேனையை எடுத்து, இரவுச் சமையல் என்பதற்கு நேரே தமது பெயரை எழுதினார்.

தெரிவுப் பரீட்சைக்கு விண்ணப்பம் போய்விட்டது. முடிவு எப்படியாகுமோ நாம் அறியோம். போகும்போது எமது அலுமாரியிலிருந்து 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் பழம் பிரதி ஒன்றை அவருக்குக் கொடுத்தனுப்பினோம். காலஞ்சென்ற பிரக்கிராசி நண்பர் ஒருவர் எமக்குத் தந்தது, ஓரமெல்லாம் பென்சிற் குறிப்பு, கட்டு அவிழ்ந்திருக்கிறது. திருப்பித் தரவேண்டுமென்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம்.

சென்ற புதன்கிழமை இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"மாமா, 114ஆம் பிரிவில் 'நீதிமன்றம் ஊகிக்கலாம்' என்றிருக்கிறது. ஊகிக்கலாமென்றால் ஊகிக்க வேண்டுமா, வேண்டாமா?"

நாலாம் பிரிவை எடுத்துப் பார்க்கச் சொன்னோம். பார்த்தார். ஊகிக்கவும் செய்யலாம், சான்று கொண்டுவா என்று கேட்கவும் செய்யலாம் என்று அங்கே இருந்தது. சிறிது நேரம் மறுமுனையில் சத்தமில்லை. பின்னால் எங்கோ பாத்திரம் கழுவும் ஓசையும், அம்மா எங்கே என்று தந்தையிடம் கேட்கும் பிள்ளையின் குரலும் கேட்டன.

"இரண்டும் செய்யலாமா? அதெப்படி, மாமா?" என்றார் அவர்.